டி.பி. பரவாமல் தடுக்க யுவி விளக்கா, சன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா? நெல்லைச் சீமை ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கணக்கு

பாளையங்கோட்டையிலும் தென்காசிப் பக்கமும் சின்ன நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் கொரோனாவுக்குப் பிறகு என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, யுவி லைட் ஒண்ணு மாட்டிட்டா டி.பி. பயம் இல்லல்லா?" ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். யுவி என்றால் கிருமியைக் கொல்லும் புற ஊதா ஒளி. அந்த விளக்கை மாட்டினால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். இருந்தாலும் கேட்கிறவர்களில் பலருக்கு வேண்டாம் என்றே சொல்கிறேன். மற்றவர்களிடம், மாட்டுங்கள், ஆனால் நீங்கள் காட்டுகிற அறையில் வேண்டாம் என்கிறேன். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

காசநோய்க் கிருமி காற்றில்தான் பரவுகிறது. நோயாளி இருமும்போது, ஏன், பேசும்போதும் வெளிவரும் துளிகள் உலர்ந்து ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுக்குச் சுருங்கி, மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அதை இன்னொருவர் நுரையீரலின் அடிவரை இழுத்தால்தான் தொற்று. தரை, மேசை, தட்டு, டம்ளர் வழியாக வருவதில்லை. ஆகவே பினாயில் ஊற்றித் துடைப்பதும் படுக்கை விரிப்பை எரிப்பதும் மனசுக்கு ஆறுதல், அவ்வளவே. காற்றை வைத்துச் செய்யக்கூடியவை மூன்று: புதுக்காற்றை விட்டு வெளியேற்றலாம், வடிகட்டலாம், மிதக்கிற இடத்திலேயே கிருமியைக் கொல்லலாம். யுவி மூன்றாவது வகை.

முதலில் ஒரு போலித் தேர்வைக் கழித்துவிடுவோம். ஆப்பரேஷன் தியேட்டரில் ராத்திரி ஆள் இல்லாதபோது எரியவிடுகிற திறந்த யுவி டியூபைத்தான் பலரும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். டி.பி.க்கு அது உதவாது. தொற்று நடப்பது நோயாளியும் நர்சும் ஒரே அறையில் இருக்கும் பகல் நேரத்தில். ஆள் எல்லாம் வீட்டுக்குப் போனபிறகு சுவரையும் கட்டிலையும் வெளுத்து என்ன பயன்? சரி, பகலிலேயே போடுவோம் என்று போட்டால் அதைவிட மோசம். ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பு மேசைக்கு நேர் மேலே திறந்த டியூபை மாட்டி, "ஒரு டியூப் போதும், ஹால் பூரா கிருமி செத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் விற்றவர். மறுநாள் விடிகாலையில் அந்த மேசையில் வேலை பார்த்த பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை. மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தல், விடாமல் தண்ணீர், முகத்தில் சிவப்பு. வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நிற்கிறவருக்கு வருகிற அதே கோளாறுதான். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும் என்றாலும் அந்த விளக்கை மறுபடி யாரும் தொடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இனி சரியான யுவியைப் பற்றியும் பேச முடியாது.

சன்னல்: காசு இல்லாத வழி, ஆனால் வருடம் பூரா இல்லை

பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளை அளந்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சன்னல், கதவைத் திறந்துவைத்தால் அறைக்காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்த அறைகளுக்கு 12 முறைதான் கணக்கு. 1950-க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, சன்னல் பெரிய கட்டடங்களில் 40 முறை. புதுக் கட்டடங்களில் 17. நம் பக்கத்துப் பழைய மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் நின்றவர்களுக்கு இது விளங்கும். அவற்றின் சன்னலுக்கு மேலிருந்த வெண்டிலேட்டரைக் கொத்தனாரை விட்டு அடைத்துவிட்டுப் பிறகு ஏர் பியூரிஃபயர் விலை கேட்கிறவர்களை என்ன சொல்ல?

மணிக்கு 12 முறை காற்று மாறினால் மிதப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெளியேற 23 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம். சன்னலை அடைத்து இரண்டு முறைக்கு வந்துவிட்டால் இரண்டே கால் மணிக்கு மேல். காலை பத்து மணிக்கு இருமிவிட்டுப் போனவருடைய கிருமியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறவர் இழுப்பது இப்படித்தான்.

நம் ஊர்க் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுவது இந்தக் காற்றில்தான். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யுவி விளக்கு வாங்குவது வீண் செலவு. ஆனால் அங்கேயும் சன்னல் அடைத்துத்தான் கிடக்கும். காரணம் ரொம்பச் சாதாரணம். "எக்கா, சன்னல அடைங்க, ஓ.பி. சீட்டு பூரா பறக்கு." அந்தச் சீட்டின் மேல் வைக்க நாலு கூழாங்கல் போதும். சன்னலின் கீழ்ப்பாதியை அடைத்து மேல்பாதியைத் திறந்துவைத்தாலும் போதும்.

உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். காற்று டாக்டரின் முதுகுப் பக்கமிருந்து வந்து, நோயாளியைத் தாண்டி வெளியே போகவேண்டும். மேல்காற்றுக் காலத்தில் டாக்டர் நாற்காலி மேற்கே, நோயாளி ஸ்டூல் கிழக்கே. ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கிக் காற்று திரும்பியதும் அதே அமைப்பு தலைகீழாகிவிடும்; நோயாளியின் இருமல் நேரே டாக்டர் முகத்தில் அடிக்கும். மேசையைத் திருப்பிப் போடுகிற ஆஸ்பத்திரியை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் காற்று போகிறது என்று அறிய மீட்டர் தேவையில்லை. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி நோயாளி உட்காரும் உயரத்தில் பிடித்தால் புகை சொல்லிவிடும்.

சன்னலின் பலவீனம் ஐப்பசி, கார்த்திகையில் தெரியும். மழை, கொசு, குளிர் எல்லாம் சேர்ந்து மூன்று மாதம் சன்னலை அடைக்க வைக்கும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் இந்தச் சங்கடம் ஆனியிலேயே வந்துவிடுகிறது, சாரல் அடிக்கிறது என்று. ராத்திரி வார்டில் எந்த மாதமும் சன்னல் திறந்திருக்காது, நோயாளிகளே அடைத்துவிடுவார்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன்: சின்ன அறைக்கு இதுவே முதல் மரியாதை

பன்னிரண்டுக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஒரு கன்சல்டிங் ரூம் 1,200 கன அடி. மீட்டர் கணக்கில் 34 கன மீட்டர். மணிக்கு 12 முறை மாற்ற 410 கன மீட்டர் அளவுக்கு இழுத்தால் சரி. ஃபேன் அட்டையில் அந்த எண் போட்டிருக்கும். சுவரில் மாட்டிய பிறகு அது முழுதாகக் கிடைக்காது என்பதால் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. உள்ளூர் எலக்ட்ரீஷியனே மாட்டிவிடுவார், பழுதானால் அவரே வந்து பார்ப்பார்.

தவறு நடப்பது மாட்டும் இடத்தில். திறந்த சன்னலுக்கு மேலேயே ஃபேனை வைத்தால், அந்தச் சன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அறையின் மறுகோடி அப்படியே கிடக்கும். புதுக்காற்று நுழைகிற வழியும் ஃபேனும் எதிரெதிரே இருக்கவேண்டும். கதவு இறுக்கமாக அடைத்திருந்தால் அடியில் ஓர் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். நோயாளிகள் வரிசையில் நிற்கிற வராந்தாவுக்குள் வெளியேற்றாதீர்கள். அப்படியும் ஓரிடத்தில் பார்த்தேன்.

இங்கேயே ஏ.சி. பற்றியும் சொல்லிவிடவேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. புதுக்காற்று தருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மூடிப்போட்ட ஏ.சி. ஓ.பி. அறை, கார்த்திகை மழையில் அடைத்த அறையைவிடக் கொஞ்சமும் மேலானதில்லை. நாம் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று காட்டும் கரியமில வாயு மீட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள். வெளியே 400 சொச்சம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டுவது, பத்துப் பேர் உட்கார்ந்த ஏ.சி. அறையில் சர்வசாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும்.

நுண்துகளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் வைத்த ஏர் பியூரிஃபயர் வேலை செய்யும். ஆனால் வீட்டுக்கு விற்கிற சைஸ் ஒன்று, முழு வேகத்தில் சத்தம் போட்டால்தான் அந்தச் சின்ன அறைக்குப் போதுமானதாகும். சத்தம் பொறுக்காமல் வேகத்தைக் குறைப்பார்கள், ஃபில்டர் மாற்றும் தேதியை மறப்பார்கள். ஹாலுக்கு நாலைந்து வேண்டியிருக்கும். எக்ஸ்ரே அறை மாதிரி சுவரில் துளை போட முடியாத இடத்துக்கு மட்டும் வாங்கலாம்.

மேல்காற்று யுவி

இங்கே மேல்காற்று என்பது நம் மேற்குக் காற்றல்ல, அறையின் மேல்பகுதிக் காற்று. ஆள் தலைக்கு மேலே, தரையிலிருந்து குறைந்தது ஏழடி உயரத்தில் சுவரில் பொருத்துகிறார்கள். முன்னால் மெல்லிய தகடுகள் அடுக்கிய லூவர் இருக்கும். ஒளி கீழே சிந்தாமல் கூரைக்கும் தலைக்கும் நடுவே படுக்கைவசமாகப் பாயும். 254 நானோமீட்டர் அலைநீளம் கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருகாமல் செய்துவிடும். இருமிய காற்று வெதுவெதுப்பாக மேலே ஏறும், ஃபேன் அதைக் கலக்கிவிடும், மேலே போன காற்று சுத்தமாகிக் கீழே இறங்கும். ஆட்கள் கீழே இருக்கும்போதே நாள் முழுக்க எரியவிடலாம். இதைத்தான் தியேட்டர் டியூபால் செய்ய முடியாது.

இதன் வரலாறு பழையது. ஒளியால் தோல் காசநோயைக் குணமாக்கியதற்காக டென்மார்க்கின் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு வாங்கினார். அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி, டி.பி. வார்டுக் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளுக்கு விட்டுப் பார்த்தார். வார்டுக் காற்றை அப்படியே சுவாசித்தவற்றுக்கு நோய் வந்தது. யுவி பட்ட காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. லிமாவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. மேல்காற்று யுவி இல்லாத நாட்களின் வார்டுக் காற்றைப் பெற்ற விலங்குகளில் நூற்றுக்கு 35 தொற்றுக்கு ஆளாயின. விளக்கு எரிந்த நாட்களின் காற்றைப் பெற்றவற்றில் 9.5. தென்னாப்பிரிக்காவில் 2015-ல் வந்த ஆய்வில் ஏறக்குறைய 80 விழுக்காடு பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனமும் 2019 வழிகாட்டுதலில் இதைப் பரிந்துரைத்திருக்கிறது, நிபந்தனையோடு.

நிபந்தனைகளில்தான் நம் ஊரில் விஷயம் கெடுகிறது.

முதலாவது கூரை உயரம். எட்டடிக்குக் குறைந்தால் மாட்டவே கூடாது, ஒன்பது பத்தடி இருந்தால் நல்லது. பத்தடி அறையில் சீலிங் ஃபேன் சரியாக ஒளி பாயும் மட்டத்தில் தொங்கும். ஃபேன் வேண்டும், அது இல்லாமல் காற்று கலக்காது, பாதிப் பலன் போய்விடும். ஆனால் பளபளக்கும் இறக்கையில் பட்டுக் கீழே தெறிக்கிறதா என்று மீட்டர் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் உயரத்திலும் நின்றவர் கண் உயரத்திலும் அளந்து பார்க்கவேண்டும். கண்ணுக்கு எட்டு மணி நேரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூலுக்கு மேல் படக்கூடாது.

இரண்டாவது, வாட் கணக்கு. அட்டையில் 36 வாட் என்று போட்டிருந்தால் அது இழுக்கிற கரண்ட். அதில் மூன்றில் ஒரு பங்குதான் யுவி. அதிலும் பெரும்பகுதியை லூவர் தகடே விழுங்கிவிடும். தென்னாப்பிரிக்க ஆய்வில் வந்த அளவு, அறையின் ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 20 மில்லிவாட், அதுவும் லூவரைத் தாண்டி வெளிவந்த பிறகு. முப்பதுக்கு இருபதடி, பதினோரடி உயரமுள்ள காத்திருப்புக் கூடம் 187 கன மீட்டர். அதற்கு 3 வாட் அளவுக்கு யுவி வெளியே வரவேண்டும். "ஒரு சாதனத்திலிருந்து வெளிவரும் மொத்த யுவி எவ்வளவு, யார் அளந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது ஈரப்பதம். எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, 70-ஐத் தாண்டினால் யுவியின் கொல்லும் திறன் இறங்கும். அதாவது கார்த்திகை மழையில் சன்னலை அடைத்துவிட்டு விளக்கை நம்பும் அதே நாட்களில் விளக்கு மந்தமாகிவிடும். தென்காசியில் சாரல் காலம் பூராவும் இந்தக் கதைதான். வறண்ட பங்குனியில் அருமையாக வேலை செய்யும். அப்போது சன்னலைத் திறந்தாலே முடிந்தது என்பது வேறு விஷயம். விளக்கு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மழைக்காலத்துக்கு விளக்கோடு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடவேண்டும் என்று அர்த்தம்.

நான்காவது, பராமரிப்பு. இடைவிடாமல் எரிந்தால் ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம். டியூபின் ஆயுள் 9,000 மணிவாக்கில். வருடா வருடம் மாற்றவேண்டும். டியூபின் ஆயுள் முடிந்த பிறகும் நீல ஒளி தெரிந்துகொண்டே இருக்கும், கிருமி கொல்லும் பகுதி குறைந்துபோயிருக்கும். லூவரில் ஒட்டடையும் பல்லி எச்சமும் சேரும். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். சோப்புத் தண்ணீர் ஆகாது. பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் உடைத்துப் போடக்கூடாது. அளக்கும் மீட்டரின் விலையைக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். நாலைந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

222 நானோமீட்டர் விளக்கு என்று புதிதாக ஒன்று பேசப்படுகிறது. தோலிலும் கண்ணிலும் ஆழமாக இறங்காது என்பதால் நேராகவே பாய்ச்சலாம் என்கிறார்கள். டி.பி. வார்டில் 254-க்கு இருக்கிற அளவு அனுபவம் அதற்கு இன்னும் சேரவில்லை. இப்போதைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

எந்த அறையில்?

எல்லாரும் முதலில் காட்டுவது டி.பி. வார்டை. நான் முதலில் பார்ப்பது ஓ.பி. காத்திருப்புக் கூடத்தை. மருந்து தொடங்கிய நோயாளி, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால், சீக்கிரமே பரப்பும் சக்தியை இழந்துவிடுகிறார். சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு இதை உலகத்துக்கே காட்டியது: வீட்டில் வைத்து மருந்து கொடுத்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, சானட்டோரியத்தில் வைத்தவர்களின் குடும்பத்தாரைவிட ஆபத்து கூடவில்லை. ஆபத்து, நோய் இருப்பது யாருக்கும் தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண்கள் வருவார்கள். "பீடித் தூள்ல வர்ற இருமல்தான் டாக்டர்" என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். சுகருக்கு மாத்திரை வாங்க வந்தவராக, பேரனுக்கு ஊசி போடக் கூட்டிவந்தவராகக் கூட இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே விளக்குக்கு முன்னால் வாசலில் ஒரு நர்ஸ். "ரெண்டு வாரமா இருமலா?" என்று கேட்டு, ஆமென்றால் ஒரு மாஸ்க் கொடுத்து, வராந்தாவில் உட்காரவைத்து, முதலில் உள்ளே அனுப்பவேண்டும். நோயாளிகள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டதாலேயே பரவல் பாதிக்கு மேல் குறைந்தது என்று 2012-ல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஊழியருக்கு என்95. சளி எடுக்கும் இடம் கழிப்பறையாக இருக்கவே கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் வெட்டவெளி, வெயில் விழுந்தால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் விளக்கு விலைக்கு இருக்கும் ஆர்வம் இதற்கு இருப்பதில்லை.

ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் தனிக் கட்டடமாக நிற்கிற ஆஸ்பத்திரி என்றால் சன்னல், சின்ன அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், வருடத்துக்கு இருமுறை மேசையைத் திருப்புதல். யுவி வேண்டாம். தென்காசிப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முதல் பணம். மிச்சமிருந்தால் காத்திருப்புக் கூடத்துக்கு மட்டும் யுவி. பாளையங்கோட்டை, ஜங்ஷன் பகுதியில் மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர் மறைக்க, ஏ.சி. போட்டு, மாடிமேல் மாடியாக எழுப்பிய கட்டடத்துக்குத்தான் மேல்காற்று யுவி உண்மையாகவே தேவை: கூட்டம் நிறையும் ஓ.பி. ஹால், நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி அறை, ராத்திரி அடைத்துக் கிடக்கும் நெஞ்சக வார்டு. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. நோயாளிகளைச் சேர்க்கிற வார்டு எங்கே இருந்தாலும், எந்தக் காற்று வீசினாலும், அங்கே மாட்டிவிடலாம். சரியான மருந்து கண்டுபிடித்துத் தொடங்கும்வரை அவர்கள் பரப்பிக்கொண்டிருக்கக் கூடும்.

ஆர்டர் கொடுக்கும்போது விளக்கின் விலையோடு மூன்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்: மாட்டிய அன்று மீட்டர் வைத்து மேலேயும் கண் மட்டத்திலும் அளந்த தாள், மூன்று மாதத்துக்கொரு முறை துடைக்கும் பொறுப்பு யாருக்கு என்ற பெயர், வருடா வருடம் டியூப் மாற்றும் ஒப்பந்தம். இந்த மூன்றுக்கும் விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தால் அந்தப் பணத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி, அடைத்துப் போட்ட வெண்டிலேட்டரை இடித்துத் திறக்கக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.